விஜயசங்கரின் விடை

விஜயசங்கர் பைக் விபத்தில் இறந்த பிறகு வந்த முதல் சீசனில், அவனுடைய அப்பாவைப் பார்க்க சஃப்ரின் குற்றாலத்துக்கு வந்தாள். அவள் தென்காசிக்காரி. அவளும் விஜயசங்கரும் புனேயில் ஒரே ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள்.

விண்மீன் மண்டலங்களின் படங்களை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத பொருளின் ஈர்ப்பில் அவற்றின் உருவம் எவ்வளவு சிதைந்து தெரிகிறது என்று அளப்பது அவன் வேலை. அவை இருக்கும் தூரத்தை நிறத்தை வைத்துத் தோராயமாகப் போடுவான். சஃப்ரின் வேறொரு வானக் கணக்கெடுப்பில் இருந்தாள். அந்த மண்டலங்களின் ஒளியைப் பிரித்து, அவை இருக்கும் தூரத்தைத் துல்லியமாகச் சொல்வாள். பிரபஞ்சத்தில் பொருள் எவ்வளவு திரண்டிருக்கிறது என்ற கேள்விக்கு இரண்டும் வேறு வேறு விடை தந்தன. அவனுடைய விடை குறைவு.

"நாம படிச்ச இயற்பியல்லயே எங்கயோ ஓட்டை இருக்குட்டி" என்பான் அவளிடம். அதைக் காட்டத்தான் இரண்டையும் சேர்க்கும் வேலையைத் தொடங்கினான். பாதியில் போய்விட்டான். அவள் முடித்தாள்.

ஐந்தருவி போகும் சாலையில் வீடு. விஜயசங்கரின் அப்பா பால்வண்ணநாதன் ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். கதவைத் திறந்தவர், அவள் உட்காரும் முன்பே கேட்டார்.

"அவன் சொன்னது சரிதானாம்மா?"

ரயிலில் வரும்போது இதமாக ஒரு பதில் யோசித்து வைத்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"இல்ல மாமா, ஓட்டை எதுவும் இல்ல. நிறத்தை வச்சு அவன் போட்ட தூரம் கொஞ்சம் கூடிப்போச்சு. அதான் அவன் விடை குறைஞ்சு வந்துட்டு. என் கணக்கோட சேர்த்துத் திருத்தினதும் ரெண்டு விடையும் ஒண்ணாயிட்டு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே சாரலில் வேன்கள் ஹாரன் அடித்தபடி அருவிக்குப் போய்க்கொண்டிருந்தன.

"அதை எழுதுவியா? அவன் தப்புன்னு?"

"எழுதணும் மாமா. கட்டுரையில முதல் பேரும் அவன் பேருதான். அவன் எடுத்த படம் இல்லாம எதையும் சேர்த்திருக்க முடியாது."

"இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பான்?"

"ஒரு வாரம் என்கிட்ட பேசியிருக்க மாட்டான். அப்புறம் அவனே உக்காந்து எழுதியிருப்பான்."

பால்வண்ணநாதனுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அழுகையாக மாறியது. மகன் போனதிலிருந்து யார் முன்னாலும் அழாதவர், துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். சஃப்ரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அவர் சொன்னார்: "எழுதும்மா. உள்ளதை உள்ளபடி எழுது."