காரின் பின்னால் போன வீடு

வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. ஒரு வீடு ஒரு காரின் பின்னால் நடந்துபோன கதை இது. புதன்கிழமை காலை, நல்ல வெயில், தெருவே பார்த்தது.

அந்த வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். அப்பா கண்ணை மூடும்வரை மருந்து கொடுத்து, முதுகு துடைத்துப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். பங்கு பிரித்தபோது அண்ணன் வீட்டை எழுதிக்கொண்டான். முற்றத்து மண்ணில் சக்கரம் புதைந்து கிடந்த அப்பாவின் காரைத் தங்கைக்கு விட்டான். நாலு பேர் முகம் சுளித்ததும் பெரிய மனசு வந்துவிட்டது அவனுக்கு. "அந்தக் கார் கிளம்புற வரைக்கும் இங்கயே இரும்மா, யாரு வேணாங்குறா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அதைக் கிளப்புவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்றுதான்.

வேறொருத்தியாக இருந்தால் காரைத் தொடாமலே காலத்தை ஓட்டியிருப்பாள். இவளுக்கோ, ஓடாத காரின் தயவில் குடியிருப்பது தொண்டையில் முள்ளாக நின்றது. பட்டறைக்காரர் வந்து பார்த்து, எடைக்குப் போடச் சொல்லிவிட்டுப் போனார். அவர் திறந்த பேனட்டை அவள் மூடவில்லை. பாட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளையைச் சோடா உப்பும் வெந்நீரும் விட்டுப் பழைய பிரஷால் தேய்த்தாள். ஸ்பார்க் பிளக்குகளை உப்புத்தாளில் உரசினாள். சாமான் வாங்க வழியில்லாதபோது வீட்டிலிருந்து எடுத்தாள்: ஒழுகிய இடத்துக்குச் சமையலறைக் குழாயின் வாஷர், பூட்டாத கதவுக்குக் கொல்லைக் கதவின் கொக்கி, ஓட்டைத் தரைக்குப் பரண் பலகை. வருஷங்கள் போயின. காரில் வீடு ஏற ஏற, வீடு கார் பக்கம் சாய்ந்தது. மழை பெய்தால் கார் நனையாமல் கூரை ஓரடி நீண்டது. கொக்கி போன கதவு, காற்றடித்தால் தானே பல்லைக் கடித்துக்கொண்டு மூடி நின்றது.

அந்தப் புதன்கிழமை சாவியைத் திருகினாள். கார் இருமியது, தும்மியது, பிறகு உறுமியது. சத்தம் கேட்ட அண்ணன் புதுப் பூட்டோடு வந்து, "கிளம்பிருச்சில்ல, நீயும் கிளம்பு" என்றான்.

"இருக்க விடுன்னு கெஞ்சுவேன்னு நினைச்சியா அண்ணா? நகரு, சக்கரம் கால்ல ஏறிடும்."

தையல் மெஷினைப் பின்சீட்டில் ஏற்றிக் கியரைப் போட்டாள். கார் வாசலைத் தாண்டியது. வீடு ஒருமுறை முனகி, அஸ்திவாரத்திலிருந்து காலை உருவிக்கொண்டு, கன்றுக்குப் பின்னால் போகும் பசுவைப்போலக் கிளம்பியது. கொடித்துணி ஒன்றுகூட விழவில்லை. தெருமுனையில் பால் வண்டிக்கு ஒதுங்கி வழிவிட்டது. வெறும் மண்ணில் பூட்டும் கையுமாக நின்ற அண்ணன், அது என் வீடு என்று கத்தினான். அவள் தலையை வெளியே நீட்டினாள்.

"பத்திரம் உன் பேர்லதான் இருக்கு. கூப்பிட்டுப் பாரு, வந்தா வெச்சுக்கோ."

கூப்பிட்டான். வீடு கொல்லைக் கதவைப் படாரென்று சாத்தியது, அவ்வளவுதான்.

இப்போதும் அவள் தைத்த துணிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகும்போது வீடும் கூடவே போகிறது. தபால்காரர் முதலில் காரைத் தேடுகிறார். குறுகலான சந்தில் மட்டும் வராதே என்று ஊரார் வீட்டிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். மற்றபடி யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

உங்கள் வீட்டுக் குழாய் ஒழுகாமல் இருக்கட்டும், கண்ணுகளா, கொக்கி இறுக்கமாக விழட்டும். என்றைக்காவது யாராவது உங்களைப் போ என்று சொன்னால், வீடும் உங்களோடு வரட்டும்.