தெருவுக்கே ஒரு நம்பர்

துறைமுகத்தில் கிரேன் கட்டுப்பாட்டு அறையில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. உள்ளே நுழைவதற்கான பாஸ் மட்டும் வரவில்லை. என்னோடு சேர்ந்தவர்களுக்கெல்லாம் வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் வேலை வேறொருத்திக்குப் போய்விடும். எவனோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் எங்கள் தெரு அப்படி. ஒருத்தி பஸ் ஏறி வேலைக்குப் போனாலே சிலருக்கு வயிறு எரியும். எதிர்வீட்டுத் தறிக்காரர் பாலு அண்ணன் சிரித்தால்கூட, என்ன சிரிப்பு இது என்று உற்றுப் பார்த்தேன்.

கடைசியில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்து, எங்கள் தறிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காவ்யா நீதானா? பாலுங்கிறது யாரும்மா?"

"எதிர்வீடு. ஏன் சார்?"

"அவர் பேர்ல ஒரு கம்பெனி இருக்குது. பட்டு நூல்னு சொல்லி எறக்குன கன்டெய்னர்ல வெளிநாட்டு சிகரெட். கம்பெனிக்குக் குடுத்திருக்கற போன் நம்பர் உன்னோடது."

நான் என் போனை எடுத்துப் பார்த்தேன். அவர் மேலே சொன்னார்.

"முன்னெல்லாம் கஸ்டம்ஸுக்குத் தெரிஞ்சது துறைமுகத்துக்குத் தெரியாது, அவங்களுக்குத் தெரிஞ்சது எங்களுக்குத் தெரியாது. இப்ப எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுப் பாக்கறோம். நீ பாஸ் கேட்டதுமே நம்பர் மாட்டிகிச்சு. அது போவட்டும், தெருவுல பாதிப் பேருக்கு இதே நம்பர் எப்படி?"

நூல் மானியத்துக்குப் பதியும்போது தறிக்காரர்கள் என் நம்பரைத்தான் கொடுப்பார்கள். ஓடிபி வந்தால் நான் படித்துச் சொல்வேன் என்றேன். ஒத்தாசைக்குச் செய்கிற காரியம். அதைப் போய் இந்த ஆள் கள்ளக் கும்பலை விசாரிக்கிற மாதிரி கேட்கிறார்.

"பாலுவுக்கு ஓடிபி சொன்னியா?"

பாலு அண்ணன் கேட்டதே இல்லை. மானியம் என்று சொல்லி அவருடைய ஆதார் நகலை வாங்கிப்போனது லோகநாதன் மாமா. "ஜல்தி சொல்லு கண்ணு" என்று போனில் ஓடிபி கேட்டதும் அவர்தான். அம்மாவின் அண்ணன், எங்கள் தறிக்கு நூலும் கூலியும் கொடுப்பவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஆமாங்க. பாலுதான் வந்து வந்து கேட்டுகினு நிப்பான். இதுக்கு ஒண்ணுந் தெரியாது."

அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாக? போலீஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தலையாட்டினால் போதும். பாஸ் வந்துவிடும், தறிக்கு நூலும் வரும். பாலு அண்ணன் மட்டும் உள்ளே போவார்.

"இல்ல சார். கேட்டது லோகநாதன், எங்க மாமா" என்றேன். "என் போனுக்கு யார் பேசினாங்கன்னு எடுத்துப் பாருங்க."

அவர் எழுதிக்கொண்டு போனார். அம்மா தறியில் போய் உட்கார்ந்தாள், நெய்யவில்லை.

"பாஸ் வந்ததும் கெளம்பிடு. சொந்த மாமனையே காட்டிக் குடுத்துட்ட. இனிமே இந்தத் தெருவுல ஒருத்தரும் ஒன்ன நம்ப மாட்டாங்க."

"நீயுமாம்மா?"

"நான்தான் மொத ஆளு" என்றாள்.