உறைந்த மண்

அப்பாவின் துக்கக் கூடாரத்துக்கு வெளியே கோலை ஊன்றிக் குனிந்து நின்று தாலாய் காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தான். வருகிற ஆண்களையெல்லாம் மகன் கட்டிப்பிடித்து அழ வேண்டும். முகம் பார்க்கக் கூடாது.

மதியம் குழி வெட்டப் போனவர்கள் திரும்பினார்கள். இளவட்டங்கள் எல்லாம் ரஷ்யாவுக்குப் பிழைக்கப் போய்விட்ட ஊர். வந்தது நாலே பேர். கடைசி ஆளைக் கட்டிக்கொண்டபோது, முதுகில் பட்ட கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

தாலாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த விரல்களை ஒடித்தவனே தாலாய்தான். போன வருடம் போதகர் எசென்பெக்கின் மனைவி புருல் செத்தபோது, "ஏசுக்காரி பொணத்தை ஆத்துல போடு" என்று ஊர் முஸ்லிம் இடுகாட்டு வாசலில் அவரை மறித்து, மண்வெட்டிக் காம்பால் அடித்தான். மனுஷன் அடுத்த ஞாயிறே கைக்கட்டோடு ஜெபக்கூட்டம் நடத்தினார்.

"நீ ஏன்யா வந்தே?"

"மண்ணு கல்லா உறைஞ்சு கெடக்கு, தம்பி. மூணு பேரால ஆகாது."

மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"நான் உன்னை என்ன பண்ணினேன்னு..."

"மறப்பேனா?" எசென்பெக் மெதுவாகச் சொன்னார். "புருலுக்கு நாப்பது கிலோமீட்டர் தள்ளி, தரிசுல, இந்தக் கையோட நான் ஒருத்தனாத்தான் வெட்டினேன். அந்தக் கொடுமை உங்கப்பாவுக்கு வேண்டாம்னு வந்தேன்."

அடுத்த ஆள் அழுதபடி வந்து நின்றார். தாலாய் எசென்பெக்கைக் கட்டிய பிடியை விடவில்லை.