இருபத்தாறு சிவப்பு வீடுகள்

எண்ணியிருக்கலாம். முப்பத்து மூன்றுதானே. ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகாது. விரல் வைத்து எண்ணியிருந்தால் இருபத்தாறில் விரல் நின்றிருக்கும். மறந்துபோனேன் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. தாள் அழகாக இருந்தது, அதனால் எண்ணவில்லை. பார்க்க அழகாயிருந்த எதையும் நான் சரிபார்த்ததில்லை, என் கல்யாணம் உட்பட.

இதைக் கனிஷாய் வாய்விட்டுச் சொல்லவில்லை. எதிரே, கணினியைப் பார்த்துக்கொள்ளும் ரிம்மா மேசைக்கு அடியில் மண்டியிட்டு, பேனா பிடித்துப் படம் வரையும் பிளாட்டரின் பின்புறத்திலிருந்து கம்பியை உருவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து இருவரும் அந்தப் பொறியோடுதான் மல்லுக்கட்டினார்கள். பேனாவை மாற்றினார்கள். தாளை மாற்றினார்கள். சின்னப் படம் ஒன்றைக் கொடுத்தபோது ஒரு கோடு குறையாமல் வரைந்தது. ஜார்-பாஷி ஊரின் பெரிய படத்தைக் கொடுத்தபோது கறுப்புப் பேனாவால் சட்டமும் தலைப்பும் கையெழுத்துக் கட்டங்களும், நீலத்தால் ஓடைகளும், பழுப்பால் சரிவின் வளைகோடுகளும் போட்டது. கடைசியாகச் சிவப்பை எடுத்து, மண் சரியக்கூடிய இடத்தில் இருந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் கட்டம் கட்டிக்கொண்டு வந்தது. இருபத்தாறாவது வீட்டோடு நின்றது. சற்று நேரம் தாளுக்கு மேலேயே யோசிப்பதுபோல் இருந்துவிட்டு, பேனாவைக் கொண்டுபோய் அதன் கூட்டில் செருகியது.

பேனா கூட்டுக்குத் திரும்பினால் வேலை முடிந்தது. அந்த வரைபட அறையில் ஏழெட்டுப் பெண்களும் அப்படித்தான் பழகியிருந்தார்கள். தூரத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டோ ரொட்டி வரிசையைப் பற்றிப் பேசிக்கொண்டோ இருப்பார்கள்; பேனா செருகப்படும் ‘டக்’ சத்தம் கேட்டதும் எழுந்துபோய்த் தாளை உருவுவார்கள். வேலையில்லாமல் நின்றால் மை காய்ந்துவிடும் என்று பொறி தானாகவே பேனாவைக் கூட்டில் வைக்கும் என்பது இன்று காலைதான் தெரிந்தது. அந்தச் சத்தத்தை நம்பித்தான் கனிஷாய் பிப்ரவரியில் இந்தப் படத்தை இரண்டு பிரதிகள் எடுத்தாள். ‘சரிபார்த்தவர்’ என்ற கட்டத்தில் தன் பெயரை எழுதினாள்.

“மூணே கம்பி,” என்றாள் ரிம்மா, உறையைக் கிழித்துப் பார்த்துவிட்டு. “வீட்டு டெலிபோன் வயரைப் போட்டு ஒப்பேத்தியிருக்கான் விக்டர்.”

கணினியை இரும்புக் கதவு போட்ட உள்ளறைக்கு மாற்றியபோது பழைய கம்பி எட்டவில்லை. மின்பணியாளர் விக்டர்தான் பன்னிரண்டு மீட்டருக்குப் புதிதாகச் செய்து கொடுத்தான். மறுமாதம் குடும்பத்தோடு ஜெர்மனிக்குப் போய்விட்டான்.

“அப்ப எப்படி இத்தனை நாள் ஓடிச்சு?”

“சின்னப் படம்னா ஓடும்டி. கம்ப்யூட்டர் கொட்டுறதை இது கொஞ்சம் நெஞ்சுல வாங்கி வச்சுக்கும், மெதுவா வரையும். பெரிசா வந்தா ரொம்பிடும். அப்ப ‘கொஞ்சம் நிறுத்து’ன்னு சொல்ல ஒரு கம்பி வேணும். அது இல்ல. அவன் இதுக்குக் காது வச்சான், வாய் வைக்கல. அங்க கம்ப்யூட்டர் எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டேன்னு நிம்மதியா இருக்கு. இங்க பாதி தரையில சிந்திப்போச்சு.” ஈயம் பற்றவைக்கும் கோலை ஊதிக்கொண்டே, “என் ரெண்டாவது புருஷன் இப்படித்தான்,” என்றாள். “எது, காதா வாயான்னு கேக்காத.”

கனிஷாய் சிரித்தாள். சிரித்தது தனக்கே பிடிக்கவில்லை.

சிந்திப்போன ஏழு வீடுகளும் ஊரின் கீழ்க்கோடியில் இருந்தன. சிவப்புக் கட்டத்துக்குள் வந்தவர்களை மார்ச்சில் மேட்டுக்கு மாற்றிக் கூடாரம் போட்டுக் கொடுத்தார்கள். எங்களுக்கு இல்லையா என்று அந்த ஏழு வீட்டுக்காரர்களும் கேட்டிருக்கிறார்கள். ஊர்த் தலைவர் தாளை விரித்துக் காட்டியிருக்கிறார்: உங்களுக்கு ஆபத்து இல்லை, பாருங்கள், தலைநகரத்தில் கம்ப்யூட்டர் போட்ட படம். ஏப்ரல் மழையில் சரிவு இறங்கியது. மூன்று வீடுகள், நான்கு பேர். கீழே இருந்த ஊர் அலுவலகமும் போயிற்று. அந்தத் தாளும் அதோடு போயிற்று. தலைவர் தப்பித்துக்கொண்டார். பிப்ரவரியில் தாள் வாங்க வந்தபோது, தொப்பியைக் கழற்றாமல், ஒரு பை அக்ரூட்டை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போனவர். கடைசிப் பிடி இன்னும் இழுப்பறையில் கிடந்தது.

ரிம்மா புதுக் கம்பிகளைப் பற்றவைத்துவிட்டு, மறுபடி அனுப்பிப் பார்க்க உள்ளறைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து ஜும்கால்பெக் வந்தார். பிரிவுத் தலைவர், எல்லாருக்கும் அவர் ‘பைகே’, அண்ணன். கணவன் விட்டுப்போன வருஷம் கனிஷாய்க்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். கக்கத்தில் ஆவண அறைப் பிரதி இருந்தது. அதை மேசையில் விரித்து, நான்கு மூலைக்கும் பாரம் வைத்தார். பிப்ரவரி முத்திரை, நான்கு கையெழுத்து, இருபத்தாறு சிவப்பு வீடுகள்.

நாளைக்கு விசாரணைக் குழு வருகிறது என்றார். மிஞ்சியிருப்பது இந்த ஒரே தாள். புதிதாக எடுத்தால் பிப்ரவரி முத்திரைக்கு எங்கே போவது? பேசிக்கொண்டே பிளாட்டரின் உதிரிப் பெட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் வைத்தார்.

“பொறி வர்றதுக்கு முன்னாடி இந்த ஆபீஸோட கோடெல்லாம் உன் கோடுதான். நீ போட்டா பொறி போட்டதா, கை போட்டதான்னு எவனுக்கும் தெரியாது. ஏழே கட்டம், கனிஷாய்.”

“அப்ப பழி ஊர்த் தலைவர் மேல விழாதா?”

“அவருக்கு வயசாச்சு. பார்க்காம விட்டிருப்பார்.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “இதுல யார் கையெழுத்து இருக்குன்னு நான் சொல்ல வேண்டாம். உனக்காகத்தான் சொல்றேன்.”

அது உண்மை என்பதுதான் கசந்தது. அவர் கெட்டவர் இல்லை. அவள் பையனுக்குக் காய்ச்சல் கண்டபோது தன் காரைக் கொடுத்தவர். இவ்வளவு காலம் அவர் செய்ததெல்லாம் இந்த ஏழு கட்டங்களுக்கான முன்பணம்போல இப்போது வந்து நின்றது. அவரும் அப்படி நினைத்துச் செய்திருக்க மாட்டார்.

பேனாவைக் கையில் எடுத்தாள். கை தானாகவே அளவு பார்த்தது: இருபத்தேழாவது வீடு ஓடைக்கு இந்தப் பக்கம், கட்டத்தின் மூலை சற்று மழுங்க வேண்டும், பொறி அப்படித்தான் வரையும். எவ்வளவு நன்றாக வரும் என்று தெரிந்தது. யாரும் எண்ண மாட்டார்கள், அழகாக இருக்கும்.

பக்கத்தில் பிளாட்டர் கறுப்பை வைத்துவிட்டு நீலத்தை எடுத்தது.

அவள் பேனாவை மூடி, உதிரிப் பெட்டியில் அதன் குழியிலேயே வைத்தாள். பாரங்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். தாள் தானாகவே சுருண்டது. நாடா கட்டி, அவர் பக்கமாக நகர்த்தினாள்.

“இது இப்படியே இருக்கட்டும், பைகே.”

“கனிஷாய்.”

தேநீர் ஊற்றட்டுமா என்று மட்டும் கேட்டாள். அவர் வேண்டாம் என்றார். போகவும் இல்லை, தாளை எடுக்கவும் இல்லை. நீலம் முடிந்தது, பழுப்பு முடிந்தது. சிவப்பு மேலேயிருந்து வீடு வீடாக இறங்கிவந்தது. இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் உதடுகள் எண்ணின. இருபத்தாறில் பேனா நின்றது. உயர்ந்து, தாளுக்கு மேல் அசையாமல் காத்திருந்தது. பிறகு, யாரோ சரி என்று சொன்னதுபோல், ஓடையைத் தாண்டிக் கீழே இறங்கியது.