என்னிடம் வரும் ஒரு நோயாளி

கண்டியில் டொக்டர்களுக்கு நடந்த அந்தக் கருத்தரங்கின் தலைப்பு, ‘வைரஸ் காய்ச்சலுக்குப் பிந்திய நீண்டகாலக் களைப்பு’. அதை மூன்றாம் மாடியில் வைத்திருந்தார்கள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. களைத்தவர்களை எப்படிக் களைக்காமல் பார்த்துக்கொள்வது என்று எங்களுக்கு ஏழரை மணிநேரம், களைக்கக் களைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். இடையில் எழுந்து போனால் சான்றிதழ் கிடையாது.

நான் ஃபாஸில், அக்குறணையில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் டொக்டர். நான்கு மாதத்துக்கு முன் எனக்கும் காய்ச்சல் வந்தது. போகும்போது ஞாபகத்தில் பாதியையும் கொண்டுபோய்விட்டது. போன வியாழக்கிழமை ஒரு குழந்தைக்குப் பெரியவர்களின் அளவில் மருந்து எழுதிவிட்டேன். மருந்து கொடுக்கும் கைரியா மருந்துத் துண்டைப் பார்த்துவிட்டு என் மேசையில் திருப்பி வைத்தாள். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. இனியும் நோயாளி பார்க்கலாமா என்று யாரிடமாவது கேட்டாக வேண்டும்.

கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் டொக்டர்கள் கூடிய இடத்தில் எந்த டொக்டருக்கும் நோய் வருவதில்லை.

கேள்வி நேரத்தில் முதலில் எழுந்தவர் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரி டொக்டர் ராஜலிங்கம்.

“எங்கிட்ட ஒரு நோயாளி வர்றாரு. நல்லாப் படிச்சவரு. நாலு படி ஏறினா நெஞ்சு படபடங்குது.”

காலையில் இவர் படிக்கட்டு வளைவில் நின்று, சுவரில் மாட்டியிருந்த பெரஹரா ஊர்வலப் படத்தை வெகுநேரம் ரசித்தார். எனக்கு எப்படித் தெரியுமென்றால், பக்கத்தில் நின்று அதே யானையை நானும் ரசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து நான் எழுந்தேன். “என்கிட்ட வார ஒரு நோயாளி, சேர். சரியான மறதி. பொறுப்பான தொழில்.”

விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். “வேலையைப் பாதியாக் குறைக்கச் சொல்லுங்கோ. செய்யிறதை இன்னொராள் சரிபார்க்கவேணும். மனப்பிரமை எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. ஆள் கேப்பாரோ?”

“கஷ்டம், சேர்.”

சபை சிரித்தது. ராஜலிங்கம் சிரிக்கவில்லை.

சான்றிதழோடு டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்தேன்.

“நாளைக்கு எத்தின நம்பர் குடுக்கிற, டொக்டர்?” என்றாள் கைரியா. வழக்கமாக அறுபது நோயாளிகள். வாய் அதையே சொல்லப் போனது. அதற்குள் அவள், “ஹுன்னஸ்கிரியவிலருந்து ஒரு நேர்ஸ் கோல் எடுத்தாங்க. அவங்கட டொக்டர் ஒரு நோயாளிய அனுப்புறாராம். பேர் கேட்டேன், செல்லல்ல,” என்றாள்.

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. உடனே ராஜலிங்கத்துக்கு ஃபோன் எடுத்தேன்.

“சேர், உங்க நோயாளிய நாளைக்கே வரச் செல்லுங்க. ஆனா என்ட நோயாளியும் இங்கதான் ஈக்கிறான். முதல்ல அவன நீங்க பாக்கணும்.”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“உங்க டிஸ்பென்சரிக்குப் படி இருக்கா?” என்று கேட்டார்.

“இல்ல, சேர்.”

“அப்ப வர்றேன்.”

ஃபோனை வைத்துவிட்டுக் கைரியாவிடம் சொன்னேன்: “முப்பது நம்பர் போதும். நான் எழுதுற ஒவ்வொரு துண்டையும் நீங்க ஒருக்காப் பாத்துட்டுக் குடுங்க.”

அவள் தலை நிமிரவில்லை.

“வியாழக்கிழமையிலருந்து அப்பிடித்தானே டொக்டர் குடுக்கிறேன்.”