எட்டடிச் சாய்தளம்

கள்ளக்குறிச்சியில், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான மேற்படிப்பு வழிகாட்டி மையத்தின் வாசலில் கட்டப்பட்ட எட்டடி நீளச் சாய்தளம், திறப்பு விழா முடிந்த நான்காம் நாள் காலையில் பதினோரு அடி இருந்தது. வாசல் கூட்ட வந்த ராணியம்மாள், நேற்றுவரை மண்ணாக இருந்த இடத்தில் சிமெண்டு இருப்பதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதையும் சேர்த்துக் கூட்டினார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

மையம் இருந்த கட்டடம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம், ஐந்து படி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. அப்படிப் பார்த்தால் முப்பது அடி கட்டியிருக்க வேண்டும். முப்பது அடி கட்டினால் திறப்பு விழாவுக்கு வருகிறவரின் கார் நிற்க இடம் இருக்காது என்பதால் உதவிப் பொறியாளர் சிவசங்கர் எட்டடியில் முடித்துக்கொண்டார். கொத்தனார் வீரமணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “சார், இதுல ஏறணும்னா பல்லியா பொறந்திருக்கணும்” என்றார். “ஏற வேணாம்யா, ஏறுற மாதிரி ஒரு போட்டோ வந்தா போதும்” என்றார் சிவசங்கர். போட்டோவுக்காக வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இசைவாணி என்ற பிளஸ் டூ மாணவியை ஜீப்பில் அழைத்து வந்தார்கள். பிறவியிலேயே இரண்டு காலும் வராத பெண், சக்கர நாற்காலி. நான்கு பேர் நாற்காலியைத் தூக்கிச் சரிவின் நடுவில் பிடித்துக்கொள்ள, படமெடுப்பவர் அந்த நான்கு பேரும் தெரியாதபடி படமெடுத்தார். அந்தரத்தில் இருந்தபடியே இசைவாணி, “இது ஒண்ணுக்கு மூணே காலு கூட இல்லீங்க சார்” என்றாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. சிரிக்கச் சொன்னார்கள்.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் தமிழழகன் சட்டைக் காலரில் மைக்கைச் செருகிக்கொண்டு பேசுகிறவர். எதிரில் ஆறு பேர் இருந்தாலும் மைக் வேண்டும். திறப்பு விழா அன்று இரண்டு மணி நேரம் பேசினார். கால்கள் நடக்காமல் இருக்கலாம், கனவுகள் ஓடும் என்றார். அதைச் சொல்லும்போது அவரே இரண்டடி ஓடிக் காட்டினார். பிறகு ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். பள்ளிக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு எதிரே மூன்று கட்டங்கள்: தையல், மெழுகுவத்தி, ஜெராக்ஸ் கடை. இசைவாணி மூன்றையும் விட்டுவிட்டுக் கீழே ‘பி.எஸ்சி. கணிதம்’ என்று எழுதினாள். தமிழழகன் அதை அன்போடு அடித்துத் தையலில் டிக் போட்டார். “கனவு பெருசா இருக்கணும்மா, ஆனா வூட்டுக்குப் பக்கத்துல இருக்கணும்” என்றார். கையோடு ஒரு தையல் மெஷினும் தருவதாக அறிவித்தார். காலால் மிதிக்கிற மெஷின். விழா முடிந்ததும் ஜீப் வேறு வேலையாகப் போய்விட்டது. இசைவாணியும் அவள் அம்மா ரங்கம்மாளும் பேருந்து நிலையத்தில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலியைப் பார்த்த இரண்டு பஸ்கள் நிற்கவில்லை. மூன்றாவது நின்றது, நாற்காலிக்கு மட்டும் இடமில்லை என்றது. கடைசியில் காய்கறி வேனில் கத்தரிக்காய்க் கூடைகளோடு மலை ஏறினார்கள்.

சாய்தளம் பத்து நாளில் முப்பது அடி ஆனது. வாசலிலிருந்த பழைய எட்டடியும் தானாகத் தாழ்ந்து சரியான சரிவுக்கு வந்துவிட்டது. அதோடு நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நிற்கவில்லை. சிவசங்கர் மூன்று முறை டேப் பிடித்துப் பார்த்துவிட்டு, முதலில் வீரமணியைச் சந்தேகப்பட்டார். ஒரு கொத்தனார் சொந்தச் செலவில், கேட்காமலே, அதுவும் விதிப்படி கட்டுகிறான் என்றால் அதற்குப் பின்னால் பெரிய ஆள் யாரோ இருக்க வேண்டும். வீரமணி, தன் மேல் பழிபோட சிவசங்கரே ஆள் வைத்துக் கட்டுகிறார் என்று சந்தேகப்பட்டார். தமிழழகன் இருவரையும் சந்தேகப்பட்டார்; தன் பதவிக்கு ஆசைப்படுகிற யாரோ, தனக்குத் தெரியாமல் நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறார்கள் என்று நினைத்தார். இடிக்க ஜே.சி.பி. வந்தது. ஓட்டுநர் இறங்கி, முப்பது அடிக்கு ஒருமுறை ஓய்வுக்கு விடப்பட்டிருந்த சமதளத்தையும், இரு பக்கமும் முளைத்திருந்த கைப்பிடிக் கம்பிகளையும் தடவிப் பார்த்துவிட்டு, “இத்த இடிச்சா பாவம்ங்க, நம்ம ஊர்ல இது ஒண்ணுதான் ஒழுங்கா கீது” என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். விதிப்புத்தகத்தைப் படித்திருந்த கட்டுமானம் அந்த மாவட்டத்தில் அது ஒன்றுதான் என்பதைப் பொறியியல் பிரிவு பின்னாளில் ஒப்புக்கொண்டது, வாய்மொழியாக.

ஐப்பசியில் அது ஊரைத் தாண்டிக் கச்சிராயபாளையம் சாலையோரம் போய்க்கொண்டிருந்தது. முதலில் நாளுக்கு இரண்டடி, பிறகு இருபது, தை பிறந்தபோது நாளுக்கு அரை மைல். சமவெளியில் ஏற வேண்டியது எதுவும் இல்லாததால் இரண்டு அங்குல உயரத்தில் வழவழவென்று படுத்துக்கொண்டு போனது. மரம் வந்தால் ஒதுங்கியது. கிணறு வந்தால் சுற்றியது. யாருடைய வரப்பையும் மிதிக்கவில்லை. அதனால்தான் சந்தேகம் வலுத்தது. நிலத்தை எடுக்காமல் ஒரு சாலை போகிறதென்றால் மொத்தமாக எடுக்கப் போகிறார்கள் என்று அர்த்தம் என்றார் கரும்பு விவசாயி ராமசாமி. அவர் தன் கொல்லை எல்லையில் கட்டில் போட்டு நான்கு நாள் காவல் இருந்தார். ஐந்தாம் நாள் காலை எழுந்தபோது சாய்தளம் கட்டிலைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. ஆளுங்கட்சிக்காரர்கள் எதிர்க்கட்சியின் வேலை என்றார்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் ஆளுங்கட்சிக்கு இவ்வளவு வேலை தெரியாது என்று மறுத்தார்கள். இதற்குள் ஜனங்கள் அதில் உளுந்து காயப்போட ஆரம்பித்திருந்தார்கள். கைப்பிடிக் கம்பியில் ஆடு கட்டினார்கள். சந்தேகம் வேறு, காயப்போடுவது வேறு.

கோமுகி அணையைத் தாண்டி அது மலையில் ஏறத் தொடங்கியபோது, வனத்துறை அதை வேலி என்று நினைத்தது. மலைவாசிகள் வனத்துறை என்று நினைத்தார்கள். ஜீப் போகிற சாலை கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்க ஏறுகிற இடத்தில், சாய்தளம் பன்னிரண்டுக்கு ஒன்று என்ற கணக்கை விடாமல் மலையைப் பொறுமையாகச் சுற்றிச் சுற்றி ஏறியது. வைகாசி கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை, வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம் ஒரு குக்கிராமத்தில் ரங்கம்மாள் வீட்டு வாசலுக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. அதற்குமேல் வளரவில்லை.

இசைவாணி அதற்குள் பிளஸ் டூ முடித்திருந்தாள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அரசுக் கல்லூரியில் சிறப்புப் பிரிவில் இடம் வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் கள்ளக்குறிச்சி மையத்துக்கு நேரில் போய்ச் சான்றிதழைக் காட்ட வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்கு. முதுகில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிற அப்பா பச்சமுத்து கேரளாவில் கட்டட வேலையில் இருந்தார்; வர நான்கு நாளாகும். வாசலில் வந்து நின்ற சாய்தளத்தை இசைவாணி பார்த்துக்கொண்டே இருந்தாள். ரங்கம்மாள் அதன் மேல் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி எங்கே ஓடுகிறதென்று பார்த்தார்; பக்கத்தில் படுத்திருந்த நாய் அதில் ஏறுகிறதா என்று பார்த்தார். நாய் ஏறிப் போய் இரண்டு வளைவு தள்ளிப் படுத்துக்கொண்டது. அப்போதும் ரங்கம்மாளுக்குத் திருப்தி இல்லை.

“இதுவரைக்கும் ஏழு முகாம் கூட்டிக்கினு போனாங்க. ஏழு போட்டோ எடுத்தாங்க. இன்னா வந்துச்சு? பிஸ்கட்டு பாக்கெட்டு” என்றார். “இது சும்மா வந்து நிக்குதுன்னா நம்பச் சொல்றியா?”

“போட்டோ எடுக்க ஆளே வரலியே மா” என்றாள் இசைவாணி.

“வருவாங்க பாரு.”

வியாழக்கிழமை வந்தார்கள். ஜீப்பில் தமிழழகன், சிவசங்கர், ஒரு பந்தல்காரர், அஜித்குமார் என்ற தற்காலிகக் காவலாளி. எட்டு மாதம் யாருடையது என்று தெரியாமல் இருந்த சாய்தளம் மையத்தின் தொலைநோக்குத் திட்டம் என்று முந்தின நாள்தான் முடிவாகியிருந்தது. நாளை, வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்கு இங்கேயே திறப்பு விழா. பெரியவர் ஒருவர் வருகிறார். மையத்தின் ஊழியர் அனைவரும் வருகிறார்கள். கத்தரிக்கோல் தட்டை இசைவாணி மடியில் வைத்துக்கொள்வாள். அந்தத் தையல் மெஷினையும் அப்போதே கொடுத்துவிடலாம். மைக் இல்லாததால் தமிழழகன் கொஞ்சம் தடுமாறினார்.

“நாலு மணிக்குள்ள நான் மையத்துல இருக்கணும் சார்” என்றாள் இசைவாணி.

“ஜீப்லயே கூட்டிக்கினு போயிடறோம்மா.”

“பதினோரு மணிக்கே ஆரம்பிச்சிடுங்களா?”

“அது பெரியவர் வர்றதைப் பொறுத்தது.”

“அப்ப இதுலயே காத்தால நாங்க கிளம்பிடறோம் சார்.”

தமிழழகன் பதறிப்போனார். “திறக்காத சாய்தளத்துல எப்படிம்மா போவ? விழா முடியறவரைக்கும் யாரும் இதுல கால் வைக்கக் கூடாது. தடை” என்றார். கால் என்று சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்தது, ஆனாலும் திருத்தவில்லை. சாய்தளத்தின் தலைமாட்டில் இரண்டு கம்பு நட்டு, சிவப்பு ரிப்பன் கட்டி, அஜித்குமாரைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுப் போனார்கள்.

ரங்கம்மாள் சோறு வடித்துக்கொண்டே இதையெல்லாம் கேட்டிருந்தார். ஏழு முகாமிலும் வா, வந்து ஏறு, சிரி என்றுதான் சொன்னார்கள். ஏறாதே என்று யாரும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. உலை கொதித்து அடங்குகிற நேரத்துக்கு யோசித்தார். “இவனுங்களே வேணான்றானுங்கன்னா இது நெசமாவே போய்ச் சேர்ற வழி தாண்டி” என்றார். “காத்தாலே தயாரா இரு.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் புறப்பட்டார்கள். அஜித்குமார் எழுந்து நின்று, ரிப்பனை அறுத்தால் தன் வேலை போய்விடும் என்று கும்பிட்டார். அறுக்க வேண்டியிருக்கவில்லை. ரிப்பன் நிற்கிறவர்களின் இடுப்பு உயரத்துக்கு மேல், பெரியவர் குனியத் தேவையில்லாத உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. இசைவாணி லேசாகத் தலையைத் தாழ்த்திக்கொண்டு நாற்காலியோடு அதன் அடியில் போய்விட்டாள். ரங்கம்மாள் குனிந்து பின்னால் போனார். “இதுக்கு நான் இன்னான்னு எழுதறது?” என்றார் அஜித்குமார். “ரிப்பன் அப்படியே கீதுன்னு எழுதுங்கண்ணா” என்றாள் இசைவாணி. அவர் அப்படியே எழுதினார். அது உண்மையும்கூட.

எட்டு மாதம் ஏறிய வழியில் இறங்க ஐந்தேகால் மணி நேரம் ஆனது. சிவசங்கரின் கணக்குப்படி இரண்டரை நாள் ஆகியிருக்க வேண்டும். இரண்டு எண்ணும் கோப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன. வழியில் உளுந்து காயப்போட்டவர்கள் துடைப்பத்தால் ஒதுக்கி வழி விட்டார்கள். எந்தக் கட்சி என்று மட்டும் கேட்டார்கள். ராமசாமி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, “சர்வேயா?” என்றார். “இல்லீங்க, காலேஜு” என்றாள் இசைவாணி. அவர் நம்பவில்லை. ஆனால் ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

மையத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்றவர்கள் எல்லோரும் மலையில் ரிப்பனுக்குப் பக்கத்தில் நின்று, பெரியவரின் காருக்காக வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருந்தவர் தேவிப்ரியா, சான்றிதழ் பார்க்கக் கல்லூரியிலிருந்து அனுப்பப்பட்ட கணிதத் துறைப் பேராசிரியை. அவரை விழாவுக்கு யாரும் அழைக்கவில்லை. நாற்காலி நேராக மேஜை முன்னால் வந்து நின்றபோது மணி பதினொன்றே கால். தாள்களைப் புரட்டியவர் ஒரு படிவத்தில் நின்றார். “இதுல தையல்னு இருக்கேம்மா.”

“அது அந்த சார் ஆசைங்க மேடம். என்து கீழ அடிச்சிருக்கும் பாருங்க.”

தேவிப்ரியா அடித்த எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். மதிப்பெண்ணைப் பார்த்தார். பட்டியலில் பெயருக்கு நேரே கையெழுத்து வாங்கிக்கொண்டார். இவ்வளவு சுலபமாக முடிந்தது ரங்கம்மாளுக்குப் பிடிக்கவில்லை. “போட்டோ எடுக்க மாட்டீங்களா?” என்று கேட்டார். வேண்டாம் என்றதும் மகளின் கையெழுத்தை இரண்டு முறை விரலால் தடவிப் பார்த்தார், மை ஒட்டுகிறதா என்று.

பெரியவர் அன்று வரவில்லை. ரிப்பன் மழையில் வெளுத்து ஆடி மாதம் தானாக அறுந்தது. சாய்தளம் அப்படியே இருக்கிறது. இசைவாணி இப்போது இரண்டாம் ஆண்டு. விடுதியில் தங்கி, மாதம் ஒருமுறை மலைக்கு வந்து போகிறாள். வழியோரக் கிராமங்களிலிருந்து இன்னும் ஐந்து பேர் அதிலேயே கல்லூரிக்குப் போகிறார்கள். மற்ற நேரங்களில் உளுந்து காய்கிறது. பதிவேட்டில் அதன் நீளம் எட்டடி, பணி முடிந்தது என்றிருக்கிறது; மாற்றினால் விளக்கம் கேட்பார்கள். ரங்கம்மாளுக்கு மட்டும் இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஒவ்வொரு முறையும் மகள் புறப்படுமுன் ஒரு கூழாங்கல்லை எடுத்து முதலில் அதை உருட்டிவிடுகிறார். கல் போய்ச் சேர்ந்துவிட்டது என்று மகள் போனில் சொன்ன பிறகுதான் சாப்பிடுகிறார். மையத்தின் வாசலில் இப்போது பதினான்கு கூழாங்கற்கள் இருக்கின்றன. அவற்றை வைத்தது யார் என்று விசாரிக்கத் தமிழழகன் தலைமையில் குழு அமைக்கப்பட்டிருக்கிறது. ராணியம்மாள் தினமும் கற்களைத் தூக்கிவிட்டு அடியில் கூட்டி, மறுபடி அதே இடத்தில் வைக்கிறார்.