தமிழ் தெரிந்த குடித்தனம்

தேர்வாய் கண்டிகைத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரர்களுக்கென்றே வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள் கன்னியம்மா. அவளுடைய தமிழ்ப்பற்று தெருவுக்கே தெரியும். "நம்ம ஊரு சோத்த துன்றானுங்க, நம்ம பாஷைய கத்துக்கினா இன்னா கொறஞ்சா பூடுவானுங்க?" என்று பால் வாங்கப் போகிற இடத்தில்கூட முழங்குவாள்.

கடைசி அறை திலீப் ஒருவன்தான் அதை மதித்தான். வந்த வருஷமே தமிழ் பேசினான்.

அன்று காலையும் தண்ணீருக்கு வந்து நின்றவர்களிடம் கன்னியம்மா கையை விரித்து, தனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையைப் போட்டு, "மோட்டார் கராப்" என்றாள். மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் காலிக் குடங்களோடு திரும்பினார்கள். திலீப் நகரவில்லை.

"அக்கா, மோட்டாரு நல்லாத்தான் ஓடுது. ஒங்க ஊட்டுத் தொட்டி ரொம்பி வழியுது. எங்க பைப்ப மட்டும் ஏன் மூடி வச்சிகிறீங்க?"

பிசிறில்லாத கும்மிடிப்பூண்டித் தமிழ். எதிர்வீட்டுக்காரி வாய்விட்டுச் சிரித்தாள்.

கன்னியம்மா பைப்பைத் திறந்துவிட்டாள். உள்ளே போனதும் முதல் வேலையாக, குடித்தனத்துக்கு ஆள் பிடித்துத் தரும் புரோக்கருக்குப் போன் போட்டாள்.

"கடைசி ரூம காலி பண்ணச் சொல்லப் போறேன். வேற ஆளு இட்டுக்கினு வா நைனா. இப்பத்தான் ரயில உட்டு எறங்கனவனா பாரு. தமிழ் ஒரு வார்த்த தெரிஞ்சிருக்கக் கூடாது, சொல்ட்டேன்!"